கவிதை கேட்க ஒரு மாலை: குமரி மாவட்டத்தில் அதை எப்படி நடத்துவது

கேள்வி: குலசேகரம், மார்த்தாண்டம் பகுதிகளைச் சேர்ந்த நாங்கள் ஐந்து நண்பர்கள், மாதம் ஒருமுறை நாகர்கோவிலில் கவிதை வாசிப்பும், எழுதியதை நின்று குரலாலும் உடம்பாலும் சொல்லும் ஸ்போக்கன் வேர்ட் நிகழ்த்தலும் கொண்ட ஒரு மாலையை நடத்த நினைக்கிறோம். பெருநகரங்களில் நடப்பது நம் ஊரில் எடுபடுமா? கவியரங்கத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? எங்கள் பேச்சில் மலையாளம் கலந்திருக்கிறது. அது மேடைக்குப் பொருந்துமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

உங்கள் முதல் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். நிச்சயம் எடுபடும். பேச முன்வருபவர்கள் உங்களுக்கு எப்போதும் கிடைப்பார்கள். அவர்களைப் பற்றிக் கவலை வேண்டாம். வந்து அமர்ந்து, கைபேசியை எடுக்காமல், அடுத்தவர் சொல்வதைக் கடைசி வரி வரை கேட்கும் ஒரு கூட்டத்தை உருவாக்குவதுதான் கடினமான வேலை. பல ஆண்டுகளாக நாகர்கோவிலிலும் தக்கலையிலும் இத்தகைய மாலைகளில் வாசித்தும், ஒருங்கிணைத்தும், பெரும்பாலும் பின்வரிசையில் இருந்து கேட்டும் வந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். கீழே நான் எழுதுவது எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றியே இருக்கும்.

கார்த்திகை மாதத்தில் சாமித்தோப்புக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே 17 நாள் திருஏடு வாசிப்பு நடக்கும். அய்யாவழியினரின் புனித நூலான, 15,000-க்கும் மேற்பட்ட அடிகளைக் கொண்ட அகிலத்திரட்டு அம்மானையை ஒருவர் இராகத்தோடு வாசிக்க, ஊரே அமர்ந்து கேட்கும். அந்த நூல் அரிகோபாலன் சீடரால் 1841-ஆம் ஆண்டில் எழுதப்பட்டது என்பது அய்யாவழி மரபு. பள்ளிக்கூடம் போகாத பாட்டிமார்கள், அடுத்த அடி இன்னதென்று முன்கூட்டியே அறிந்து, வாசிப்பவரின் வாயிலிருந்து அது வெளிவருவதற்குள் தம் உதட்டை அசைப்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். தக்கலையில் ஞானமாமேதை பீர்முகம்மது அப்பாவின் தர்காவில், ரஜப் மாதத்தின் 14-ஆம் இரவில், அவர் எழுதிய ஞானப்புகழ்ச்சிப் பாடல்களை விடியும்வரை கூடியிருந்து பாடுகிறார்கள். ஒரு கவிஞரின் ஆக்கத்தை ஓர் ஊர் முழு இரவும் விழித்திருந்து சொல்கிறது, கேட்கிறது. இதைவிடப் பெரிய கவிதை இரவை வேறெந்த நகரத்திலிருந்து நாம் கடன் வாங்க வேண்டும்?

வில்லுப்பாட்டைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நீங்கள் நடத்தப்போகும் மாலைக்குத் தேவையான பாடம் அதில் இருக்கிறது. கோயில் கொடைவிழாவில் சுடலைமாடன் கதையோ இசக்கியம்மன் கதையோ பாட அமரும் குழுவில், மணிகள் கோத்த வில்லின் முன்னே, கையில் வீசுகோலோடு, புலவர் எனப்படும் முதன்மைப் பாடகர் இருப்பார். அவரோடு சேர்ந்து வலப்பக்கம் பாடுபவர்களை வலத்தே பாடுபவர்கள் என்றும், பதில் பாடும் இடப்பக்கத்தாரை இடத்தே பாடுபவர்கள் என்றும் சொல்வது வழக்கம். குடம், உடுக்கை, தாளம், கட்டை ஆகியவை சுற்றிலும் இருக்கும். பார்வையாளர் கண் முழுவதும் புலவர் மேலே இருக்கும்; ஆனால் அந்தக் கதையை நகர்த்துவது இடத்தே இருப்பவர்தான். புலவர் ஓர் அடியைச் சொல்லி நிறுத்தும்போது 'ஆமா' என்று ஏற்றுக்கொள்பவர் அவர்; புலவர் கதையில் ஒரு திருப்பத்தை மறைத்து வைத்தால், ஊராருக்காகக் கேள்வி கேட்டு அதை வெளியே கொண்டுவருபவரும் அவரே. நல்ல இடத்தே இல்லாத குழுவில் எவ்வளவு பெரிய புலவரும் இரண்டு மணிக்கு மேல் தளர்ந்துவிடுவார் என்று வயதான கலைஞர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் வில்லுப்பாட்டைக் கோயில் வாசலிலிருந்து பொது மேடைக்குக் கொண்டுவந்து, காந்தியடிகளின் கதையைப் பாடியபோதும் இந்த அமைப்பை அவர் கைவிடவில்லை. கூட்டத்தின் சார்பில் கேட்கும் ஒருவர் மேடையிலேயே இருக்கிறார் என்பதுதான் அந்தக் கலையின் அடிப்படை.

இன்னொன்றையும் இங்கே சொல்ல விரும்புகிறேன். தொல்காப்பியம் அரங்கேறியபோது அதைக் குற்றமறக் கேட்டு ஏற்றவர் அதங்கோட்டாசான் என்று பனம்பாரனாரின் சிறப்புப் பாயிரம் சொல்கிறது. அந்த அதங்கோடு, குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் இன்றும் அதே பெயரோடு இருக்கும் அதங்கோடுதான் என்று இங்கே பலரும் பெருமையோடு சொல்வார்கள். ஊர் அதுவோ வேறோ, எழுதியவரின் பெயரோடு கேட்டவரின் பெயரையும் சேர்த்துப் பதிந்து வைத்த ஒரு மரபு நம்முடையது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இந்தப் பின்னணியில் பார்த்தால், ஸ்போக்கன் வேர்ட் என்று இன்று சொல்லப்படுவது நமக்கு முழுவதும் புதியதாகத் தோன்றாது. அதன் போட்டி வடிவமான ஸ்லாம், அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1986-இல் உருவானது. கட்டுமானத் தொழிலாளியாக இருந்த மார்க் ஸ்மித் என்ற கவிஞர், கல்லூரி வளாகங்களுக்குள் அடங்கிப்போன கவிதை வாசிப்பு கேட்பவர்களை உறங்கவைக்கிறது என்று கண்டு, மதுக்கூடத்தில் கூடும் சாதாரண மக்கள் முன் அதைக் கொண்டுபோனார். அங்கே ஒருவருக்கு மூன்று நிமிடம். பார்வையாளர்களிலிருந்தே ஐந்து நடுவர்கள். பூஜ்யத்திலிருந்து பத்துவரை மதிப்பெண். மிக உயர்ந்ததையும் மிகக் குறைந்ததையும் நீக்கிவிட்டு மீதி மூன்றைக் கூட்டுவார்கள். இசைக்கருவியோ வேறு பொருளோ கையில் இருக்கக்கூடாது. இவ்வளவுதான் விதிகள். தன் வாழ்க்கையைத் தன் குரலில், தன் உடம்போடு நின்று சொல்லுதல் என்பதே அதன் உயிர். நம் மரபில் புலவர் தெய்வத்தின் கதையையோ பிறர் கதையையோ சொன்னார். இங்கே ஒருவர் தன் கதையைத் தானே சொல்கிறார். வேறுபாடு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

ஆனாலும் தன் குரலில் சொல்லும் அந்த வழிக்குக்கூட நம்மிடம் முன்னோடி உண்டு. தேரூரில் 1876-இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை எழுதிய மருமக்கள் வழி மான்மியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சொத்து சகோதரியின் மக்களுக்குப் போகும் மருமக்கள் வழிச் சொத்துரிமையால் நாஞ்சில் நாட்டுக் குடும்பங்கள் பட்ட பாட்டை, அந்தக் கொடுமைக்கு ஆளான ஒரு பெண்ணே தன் வாயால் சொல்வதாக அவர் அமைத்தார். வீட்டுக்குள் நடக்கும் சண்டை, சமையலறைப் பேச்சு, வழக்குமன்றச் செலவு எல்லாம் நாஞ்சில் நாட்டுச் சொற்களிலேயே வரும். அதை மௌனமாகப் படிப்பதைவிட, நாஞ்சில் நாட்டுப் பேச்சு தெரிந்த ஒரு பெண் எழுந்து நின்று சொல்லக் கேட்டால் அதன் வலிமை பல மடங்காகும். கல்லூரி மாணவி ஒருவர் அப்படிச் சொல்ல நான் கேட்டபோது, முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கவிமணி 1954-இல் மறைந்தவர் என்பதால் பதிப்புரிமைக் காலமான 60 ஆண்டுகள் எப்போதோ முடிந்துவிட்டன. உங்கள் முதல் மாலையை இந்த நூலின் ஒரு பகுதியோடு தொடங்கினால், 'இது எங்கிருந்தோ வந்த பழக்கம்' என்று நினைத்து வந்தவர்களுக்கு வேறு விளக்கமே தேவைப்படாது.

கவியரங்கத்துக்கு வருகிறேன். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. தலைமைக் கவிஞர், பொதுத்தலைப்பு, அதன் கீழ் ஒவ்வொருவருக்கும் ஒரு துணைத்தலைப்பு, அவையடக்கம், அடியை இருமுறை சொல்லிக் கைதட்டலுக்கு இடைவெளி விடும் முறை, எல்லாமே ஆயிரக்கணக்கானவர் கூடிய திறந்தவெளியில் ஒலிபெருக்கியை நம்பிக் கவிதை சொல்வதற்காகப் பண்பட்ட வழிகள். 1984-இல் நாகர்கோவிலில் உள்ளூர் வானொலி நிலையம் தொடங்கிய பின் பல இளைஞர்கள் கவியரங்கக் கவிதையைக் கேட்டே யாப்பையும் எதுகை மோனையையும் கற்றுக்கொண்டார்கள். ஆனால் முப்பது பேர் இருக்கும் அறையில் அதே முறையைக் கையாண்டால் பொருந்தாது. கைதட்டலை எதிர்பார்த்து நிறுத்தும் இடத்தில் அமைதி மட்டும் இருந்தால் சொல்பவர் தடுமாறுகிறார். தடுமாறியதும் குரலை உயர்த்துகிறார். குரல் உயர்ந்ததும் கேட்பவர் பின்வாங்குகிறார். அடுத்தது, கவியரங்கத்தில் தலைப்பு வெளியிலிருந்து கொடுக்கப்படுகிறது. தாய், மழை, விடுதலை என்று தலைப்புக் கொடுத்தால் எல்லாரும் ஏற்கெனவே கேட்ட கவிதையைத்தான் எழுதிவருவார்கள். ஆகவே தலைப்புக் கொடுக்காதீர்கள். வேண்டுமென்றால் ஒரு பொருளைக் கொடுங்கள்: சிரட்டை, குடை, பேருந்துச் சீட்டு. தன் வீட்டுச் சிரட்டையைப் பற்றி இன்னொருவர் எழுதியதைப் பார்த்து யாரும் எழுத முடியாது.

அரங்கத்துக்கு அப்பால் சிறு கூட்டங்களின் வரலாறும் இந்த ஊருக்கு உண்டு. பசுவய்யா என்ற பெயரில் கவிதை எழுதிய சுந்தர ராமசாமி, தம் நாகர்கோவில் வீட்டில் நடத்திய 'காகங்கள்' கூட்டங்கள் பல எழுத்தாளர்களை உருவாக்கின. பூதப்பாண்டியில் பிறந்த ஜீவா 1961-இல் தொடங்கிய தமிழ்நாடு கலை இலக்கியப் பெருமன்றத்தின் கூட்டங்களும் இங்கே தொடர்ந்து நடந்துவருகின்றன. அவற்றில் வளர்ந்த மூத்தவர்கள் இன்றும் உங்களைச் சுற்றி இருக்கிறார்கள். அவர்களைத் தலைமை தாங்க அழைக்காதீர்கள், கேட்க அழையுங்கள்.

மொழியைப் பற்றிய உங்கள் கேள்விதான் என்னை மிகவும் தொட்டது. அதில் ஒரு தயக்கம் தெரிகிறது. அந்தத் தயக்கத்தை நான் பல இளைஞர்களின் முகத்தில் பார்த்திருக்கிறேன். கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் பிறந்தவர் நாகர்கோவிலுக்கோ அதற்கு வடக்கேயோ போய்ப் பேசும்போது யாராவது சிரிப்பார்கள்; அந்தச் சிரிப்புக்குப் பயந்து மேடையில் பாடப்புத்தகத் தமிழுக்கு மாறிவிடுவார்கள். மாறியவுடன் அவர்கள் கவிதையிலிருந்து வீடும் தோட்டமும் அம்மாவும் காணாமல் போய்விடுகிறார்கள். 1956 நவம்பர் 1-ஆம் நாள் தமிழகத்தோடு இணையும்வரை நாம் திருவிதாங்கூரின் பகுதியாக இருந்தவர்கள். நம் பேச்சில் மலையாளத்தின் சாயல் இருப்பது இயல்பு. அதிலும் நாம் மலையாளம் என்று நினைத்து ஒதுக்கும் சொற்களில் சில பழந்தமிழே. 'என்ன பறயுத?' என்று கேட்பவரைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள், சொல்லுதல் என்ற பொருளில் 'பறைதல்' பழைய தமிழ்ச்சொல் என்பதை அறியாதவர்கள். மரவள்ளிக்கிழங்கை மரச்சீனி என்றும், பலாப்பழத்தைச் சக்கை என்றும், மிளகை நல்லமிளகு என்றும் சொல்லுங்கள். என்.டி. ராஜ்குமாரின் கவிதைகளைப் படித்துப் பாருங்கள். மந்திரவாதச் சடங்கின் சொற்களும் மலையாளம் கலந்த பேச்சும் எவ்வளவு அதிர்வோடு தமிழ்க் கவிதைக்குள் வரமுடியும் என்பது தெரியும். நாஞ்சில் நாட்டார் பேச்சு ஒன்று, மேற்கு மலையோரத்தார் பேச்சு ஒன்று, கடற்கரையார் பேச்சு மற்றொன்று. இந்த மூன்றும் ஒரே அறையில் ஒரே மாலையில் கேட்கும் வாய்ப்பை இந்தச் சிறிய மாவட்டம் உங்களுக்குத் தருகிறது. இதை இழந்துவிட்டுப் பொதுத்தமிழ் மேடையாக மட்டும் நடத்தினால் எனக்கு மிகுந்த வருத்தமாக இருக்கும்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்த மாணவி, ஒக்கிப் புயலைப் பற்றிக் கவிதை வாசித்தார். 2017 நவம்பர் இறுதியில் வந்த அந்தப் புயல், ஆழ்கடலில் தங்கல் தொழிலுக்குப் போயிருந்த நம் மீனவர் பலரைத் திரும்ப விடவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அவர் வாசித்தது 'ஆழிப் பேரலையே, அடங்காத கடல்மகளே' என்ற போக்கில் இருந்தது. யாரும் அசையவில்லை, மரியாதைக்குக் கைதட்டினார்கள். பிறகு தேநீர் குடித்துக்கொண்டு நிற்கும்போது, அவர் தன் தோழியிடம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. அப்பா வராத அந்த நாள்களில் அம்மா தினமும் அவருக்கும் சேர்த்தே அரிசி அளந்து போட்டாராம். இரவு மிஞ்சும் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, காலையில் அதை இவர்கள் எல்லாரும் சாப்பிடுவார்களாம். ஒரு நாள் அம்மா அரிசி அளக்கும்போது ஒரு கை குறைத்துப் போட்டார். அன்று வீட்டில் யாரும் எதுவும் பேசவில்லை.

அடுத்த மாதம் அதை மட்டும் சொல்லும்படி அவரைக் கேட்டுக்கொண்டேன். அவர் தாளில்லாமல் வந்து நின்று, தன் ஊர்ப் பேச்சில், நான்கு நிமிடம் சொன்னார். புயல் என்ற சொல்லோ கடல் என்ற சொல்லோ அதில் ஒருமுறையும் வரவில்லை. அம்மாவின் கை அரிசிப் பானைக்குள் போவதையும் வருவதையும் எண்ணிக்கொண்டே போனார்: ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. இறுதியில் 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று சொல்லி, அளக்க நீட்டிய கையை அப்படியே நிறுத்திக்கொண்டார். முடிந்துவிட்டது என்று புரிய அவையினருக்குச் சற்று நேரம் ஆயிற்று. அன்று யாரும் கைதட்டவில்லை. யாரும் எழவும் இல்லை. அடுத்து வாசிக்க வேண்டியவர், கொஞ்சம் பொறுத்து வருகிறேன் என்று கைகாட்டினார். ஐந்து நிமிடம் அப்படியே அமர்ந்திருந்தோம். அந்த ஐந்து நிமிடத்தை விரைவுபடுத்தாமல் விட்டது, நிகழ்ச்சியை நடத்தியவனாக அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம்.

ஆகவே வாசிக்க வருபவர்களுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, முன்கூட்டியே ஒருமுறை அவர்கள் பேசக் கேட்பதுதான். எழுதிவந்ததைத் திருத்தாதீர்கள். 'இது உங்கள் வீட்டில் எப்படி நடந்தது, சொல்லுங்கள்' என்று கேளுங்கள். ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி ஒருவர் எங்கள் மாலைக்கு வந்தார். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் மரத்துக்கு மரம் நடப்பதை, மரத்துக்கு ஓர் அடி வீதம் அவர் சொல்லிக்கொண்டு போனார். வெட்டுக்கத்தி, சிரட்டை, ஒட்டுப்பால் என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வந்தே ஒரு தாளமாயின. யாப்பு கற்காதவரிடம் அந்த ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்று வியந்தவர்களுக்கு அவரே பதில் சொன்னார்: நடக்கும்போது அப்படித்தான் எண்ணுவாராம்.

அவரை நினைக்கும்போதே நேரத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பால்வெட்டுபவர் விடிவதற்கு முன் எழ வேண்டும். குளிர்ச்சியான நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும். அவரை எட்டரை மணிவரை காக்க வைப்பது அநியாயம். கடற்கரை ஊர்கள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பதால் சனிக்கிழமை மாலை அவர்களுக்கு உகந்தது. பெண்கள் வரவேண்டும் என்று நீங்கள் உண்மையாக விரும்பினால், நாலரைக்குத் தொடங்கி ஏழுக்கு முடியுங்கள். அண்ணா பேருந்து நிலையத்திலிருந்தோ வடசேரியிலிருந்தோ நடந்து வரக்கூடிய இடமாகவும், சுத்தமான கழிப்பறை உள்ள இடமாகவும் பாருங்கள். குலசேகரத்துக்கும் குளச்சலுக்கும் கடைசிப் பேருந்துகள் எத்தனை மணிக்கு என்று எழுதி வாசலில் ஒட்டுங்கள். இதெல்லாம் கவிதைக்குச் சம்பந்தமில்லாதது என்று நினைக்கவேண்டாம். பேருந்தை நினைத்து மணி பார்த்துக்கொண்டிருப்பவரின் காதில் எந்தக் கவிதையும் இறங்காது. கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா டிசம்பர் 3-ஆம் நாள் முடியும். அதற்கு முந்தைய பத்து நாள்களில் தேதி வைக்காதீர்கள். இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் என்பதால் தகரக் கூரையுள்ள இடத்தைத் தவிர்ப்பது நல்லது. ஜூனிலும் ஐப்பசியிலும் மழை தொடங்கினால் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது.

முப்பது, நாற்பது பேர் வரை ஒலிவாங்கி தேவையில்லை என்பது என் துணிபு. அது இல்லாதபோது கேட்பவர் சற்று முன்னால் சாய்ந்து கேட்கிறார். அந்தச் சாய்வு எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. ஒலிவாங்கி வைத்தே ஆகவேண்டும் என்றால், வாய்க்கு நான்கு விரற்கடை தள்ளி, நேர் எதிரே இல்லாமல் சற்று ஓரமாக வைத்துப் பேசப் பழக்குங்கள். சொல் முதலில் வரும் பகரம் காற்றை நேராக அதன்மேல் அடிக்கும். 'பெருமழை பெய்தது' என்று சொல்லிப் பார்த்து, தட்டுகிற சத்தம் நிற்கும்வரை முகத்தைத் திருப்பச் சொல்லுங்கள். திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைத்தால் காவல்துறை அனுமதி வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் அங்கே அதைப் பயன்படுத்தவும் கூடாது. ஒருவருக்கு ஐந்து நிமிடம் போதும். நிதானமாகச் சொன்னால் நான்கு நிமிடத்துக்கு முந்நூறு சொற்கள் அளவே போகும் என்பது நான் கவனித்து அறிந்தது. அதற்கு மேல் எழுதிவருபவர்கள் ஓடத் தொடங்குகிறார்கள். ஒரு மாலைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். எட்டுப் பேரை முன்னரே பேசிவைத்து, நான்கு இடங்களை அன்று வருபவர்களுக்கு ஓப்பன் மைக்காக விட்டுவைத்தால் புதியவர்களுக்கும் வழி இருக்கும்.

பொன்னாடை வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். பன்னிரண்டு பேருக்குப் பொன்னாடை போர்த்திப் படம் எடுக்க இருபது நிமிடமாவது ஆகும். அந்த இருபது நிமிடத்தில் நான்கு பேர் கவிதை சொல்லியிருக்கலாம். சிறப்பு விருந்தினர் ஒருவரை அழைத்துவிட்டால் எல்லாரும் அவரைப் பார்த்தே வாசிக்கிறார்கள், அவரோ பாதியில் எழுந்து போகிறார். ஒருமுறை அப்படி ஓர் அழைப்பாளர் மேடையிலேயே தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்க, முதன்முதலாக வாசிக்க வந்த ஒரு பள்ளி மாணவன் நடுவில் நிறுத்திவிட்டு இறங்கிப் போனான். அவன் பிறகு வரவே இல்லை. அந்த அழைப்பிதழை அச்சிட்டவர்களில் நானும் ஒருவன். இன்றும் அது என்னை உறுத்துகிறது.

மதிப்பெண் போடும் ஸ்லாம் போட்டியை நீங்கள் நடத்தலாமா என்றால், முதல் ஓர் ஆண்டாவது வேண்டாம் என்பேன். அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. கேட்பவர்களின் கையில் அதிகாரத்தைக் கொடுப்பது நல்ல எண்ணமே. ஆனால் இது சிறிய மாவட்டம். நடுவராக எழுகிறவர் வாசித்தவரின் ஆசிரியராகவோ, உறவினராகவோ, அதே தேவாலயப் பங்கைச் சேர்ந்தவராகவோ, அதே ஊர்க் கோயில் வரிக்காரராகவோ இருப்பார். மதிப்பெண் குறைந்தால் அதற்குக் கவிதை காரணமாகத் தெரியாது; ஊரும் சாதியும் மதமும் காரணமாகத் தெரியும். ஒருவரையொருவர் கேட்டுப் பழகி, நம்பிக்கை வந்த பிறகு விளையாட்டாக ஒரு முறை நடத்திப் பார்க்கலாம். மேடையிலேயே விமர்சனம் சொல்வதையும் தவிருங்கள். அதற்குத் தேநீர் நேரம் இருக்கிறது. சுக்குக்காப்பியும் இரசவடையும் கொடுத்தால் அரைமணி நேரம் யாரும் போகமாட்டார்கள். அந்த அரைமணியில் நடக்கும் பேச்சே சிறந்த விமர்சனம்.

பிறர் கவிதையை வாசிக்க விரும்புபவர்களுக்கும் இடம் கொடுங்கள். அச்சில் வந்த ஒரு நூலிலிருந்து நியாயமான அளவு பகுதியைப் பொதுவில் வாசிக்கப் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது; ஆனால் அதைப் பதிவுசெய்து இணையத்தில் ஏற்றுவது வேறு, அதற்கு உரிமையுள்ளவரின் இசைவு வேண்டும். சொந்தக் கவிதையாக இருந்தாலும் காணொளி எடுப்பதற்கு முன் கேளுங்கள். அறைக்குள் முப்பது பேரிடம் நம்பிச் சொன்னதை உலகம் முழுவதற்கும் சொல்ல அவர் சம்மதிக்கவில்லை. அரிசி அளந்த கதையைச் சொன்ன மாணவி, பதிவு செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆகவே அது அன்று அங்கே இருந்தவர்களிடம் மட்டுமே இருக்கிறது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். நாற்காலிகளிலிருந்து தொடங்குங்கள். மேடையும் வரிசைகளும் உள்ள கூடம் கிடைத்தாலும், மேடையை விட்டுவிட்டுத் தரையில் அரைவட்டமாகப் போடுங்கள். பதினைந்து நாற்காலி போதும், ஆள் கூடினால் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். வாசிப்பவர் நிற்கும் இடத்துக்கு இடப்பக்கம் ஒரு நாற்காலியைத் தனியே போட்டு, அதில் உங்கள் ஐவரில் ஒருவர் முழுநேரமும் அமர்ந்திருங்கள். வாசிப்பவர் தடுமாறினால் நிமிர்ந்து பார்க்க ஒரு முகம் அங்கே இருக்க வேண்டும். அவர் நிறுத்தினால் 'ஆமா' என்பது போல ஒரு தலையசைப்பு அங்கிருந்து வரவேண்டும். முதல் மூன்று மாதமும் நீங்கள் ஐந்து பேரும் உங்கள் கவிதைகளை வாசிக்காதீர்கள். முறைவைத்து அந்த நாற்காலியில் அமருங்கள்.